ஹைப்போகுளோரைட்டின் வீரியத்தைக் கிளினிக்கிலேயே அளப்பது எப்படி?

மதுரையில் சிறிய பல் மருத்துவமனை நடத்துகிறேன். வேர் சிகிச்சையில் கால்வாயைக் கழுவ 3 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் வாங்குகிறோம். அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில். சித்திரை வெயில் தொடங்கியதிலிருந்து வரும் சரக்கில் வீரியம் இல்லை. மூடியைத் திறந்தால் குளோரின் நெடி லேசாகத்தான் வருகிறது. பல்லுக்குள் இருக்கும் மென்திசுவான பல்கூழின் துணுக்கு ஒன்றைப் போட்டால் பழைய பாட்டில் கரைசலில் நுரைத்துக் கரைந்தது. புதியதில் ஓரம் வெளுத்து அப்படியே கிடக்கிறது.

வெப்பமும் வெளிச்சமும் குளோரினைத் தின்றுவிடும் என்பதால் வந்தவுடன் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறோம். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் ஊற்றுகிறோம். கால்வாய் கழுவும் மற்றத் திரவங்களான இடிடிஏ, குளோர்ஹெக்சிடின் எதனுடனும் கலக்க விடுவதில்லை. வேறு தொகுதி எண் கேட்டு வாங்கியும் அதே கதை. லேபிளில் காலாவதித் தேதி பளிச்சென்று இருக்கிறது, தயாரிப்பு மாதம்தான் மை கலைந்திருக்கிறது (எப்போதும் அதுதானே கலையும்!). தர ஆய்வுச் சான்று கேட்டால், "கம்பெனி சரக்கு டாக்டர், சந்தேகமே வேண்டாம்" என்கிறார் விற்பனையாளர்.

நீச்சல்குளச் சோதனைப் பட்டையும் பார்த்தாயிற்று. அது லிட்டருக்குச் சில மில்லிகிராம் குளோரினுக்கானது. நம்முடையதோ லிட்டருக்குச் சுமார் 30 கிராம். நீர்த்துப் பார்த்தாலும் 2 சதவீதமா 3 சதவீதமா என்று அந்த நிறத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

பொட்டாசியம் அயோடைடு, தயோசல்பேட் கொண்ட டைட்ரேஷனை (செறிவு தெரிந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து வீரியத்தைக் கணக்கிடும் முறை) கிளினிக் மேசையிலேயே செய்பவர்கள், எவ்வளவு மாதிரி, எந்தச் செறிவில் தயோசல்பேட் என்று முறையைச் சொல்ல முடியுமா?