பைக் ஓட்டிப் பாக்க சாவி குடுக்குறப்போ டெபாசிட் எவ்வளவு வாங்கலாம்? விழுந்தா இன்சூரன்ஸ் வருமா?

கேள்வி (தண்டையார்பேட்டை)

வணக்கம். 2022 ஜூன்ல புதுசா எடுத்த 150 சிசி பைக், டிஎன் 03 நம்பர். 55 ஆயிரம் விலை சொல்லியிருக்கேன். ஞாயித்துக்கிழமை ஒருத்தர் பாக்க வராரு. தனியா எண்ணூர் வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு வரேன்றாரு. டெபாசிட் கேட்டா தப்பா எடுத்துக்குவாரா? எவ்வளவு கேக்கலாம்? கீழ போட்டுட்டா இன்சூரன்ஸ்ல வருமா? பாலிசி 2027 ஜூன் வரைக்கும் இருக்கு. ஒரிஜினல் ஆர்சியையும் கையில குடுத்து அனுப்பணுமா?

பதில் (திருவொற்றியூர், இன்சூரன்ஸ் வேலை)

சார், முதல்ல பாலிசியை எடுத்துப் பாருங்க. அதுல ரெண்டு தேதி இருக்கும். 2018 செப்டம்பரிலிருந்து புது டூவீலருக்கு தேர்டு பார்ட்டி (நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகுற பாதிப்புக்கான காப்பீடு) 5 வருஷத்துக்குச் சேர்த்தே கட்டணும். ஆனா நம்ம வண்டிக்கு ஆகுற சேதத்துக்கான 'ஓன் டேமேஜ்' பெரும்பாலும் ஒரு வருஷம்தான். நீங்க சொல்ற 2027 தேர்டு பார்ட்டி தேதி. ஓன் டேமேஜை வருஷா வருஷம் புதுப்பிக்கலைன்னா அது 2023 ஜூன்லயே முடிஞ்சிருக்கும்.

அப்படி முடிஞ்சிருந்தா வண்டி விழுந்து உடைஞ்சாலும் சரி, திருடு போனாலும் சரி, ஒரு ரூபா கூட வராது. திருட்டும் ஓன் டேமேஜுக்குள்ளதான் வருது, பல பேருக்கு இது தெரியாது.

தேர்டு பார்ட்டி நீங்க சம்மதிச்சு வண்டி குடுத்த ஆளுக்கும் செல்லும். அவர்கிட்ட செல்லுபடியாகுற லைசென்ஸ் இருக்கணும், அதுவும் கியர் வண்டிக்கானது. கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு மட்டும் எடுத்த லைசென்ஸ் போதாது. எல்எல்ஆர் வச்சிருக்கவருக்கு சாவியே குடுக்காதீங்க. லைசென்ஸ் இல்லாத ஆள் யாரையாவது இடிச்சிட்டா, கம்பெனி அடிபட்டவருக்குப் பணம் குடுத்துட்டு அதை உங்ககிட்ட வசூல் பண்ண வரும். மோட்டார் வாகனச் சட்டம் 180-ம் பிரிவுல உரிமையாளருக்குத் தனியா 5,000 ரூபா அபராதம், இல்லேன்னா 3 மாசம் வரைக்கும் ஜெயில், இல்லேன்னா ரெண்டுமே இருக்கு. அதனால டெபாசிட்டை விட லைசென்ஸ்தான் முக்கியம். வாட்ஸ்அப்ல அனுப்புற போட்டோவை நம்ப வேணாம். அவர் போன்ல டிஜிலாக்கரை (லைசென்ஸ் மாதிரி ஆவணங்களை வச்சிருக்கிற அரசாங்க ஆப்) உங்க கண்ணு முன்னாடி திறந்து காட்டச் சொல்லுங்க.

இடிச்சதுல இன்னொருத்தர் பொருள் சேதமானா டூவீலர் பாலிசி தர்றது அதிகபட்சம் 1 லட்சம். காரை உரசினதுக்கு அந்தத் தொகை போதும்; கன்டெய்னர் லாரி, கடை ஷட்டர்னு போனா காணாது.

ஓட்டுறவருக்கே அடிபட்டா? பாலிசியில 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு இருந்தாலும் அது ஆர்சியில பேர் இருக்கிற உரிமையாளருக்கு மட்டும்தான். தானா சறுக்கி விழுந்தா அவருக்கு உங்க பாலிசியில எதுவும் கிடைக்காது. இதை அவர்கிட்ட முன்கூட்டியே சொல்றதுதான் நியாயம்.

பதில் (வியாசர்பாடி, மெக்கானிக்)

டெபாசிட் 8 ஆயிரம் வாங்குங்க தம்பி. கணக்கு இதுதான்: நின்ன இடத்துல இல்ல மெதுவா திரும்புறப்போ சாஞ்சா, வலது பக்கம் பிரேக் லீவர், மிரர், இண்டிகேட்டர், சைலென்சர் கீறல். இடது பக்கம்னா கிளட்ச் லீவரும் கியர் பெடலும் வளையும். ஹேண்டில் பாரும் திரும்பிடுச்சுன்னா அதையும் சேத்து, லேபரோட இந்தப் பணத்துக்குள்ள முடிஞ்சிடும். ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற கம்பி) வளையுற அளவுக்கு மோதினா 8 ஆயிரம் பத்தாது. அதுக்காக 55 ஆயிரத்தையும் டெபாசிட்டா கேட்டா நிஜமா வாங்க வர்ற ஆளே திரும்பிப் போயிடுவாரு.

வண்டியோட ஓடிடுவாரோன்ற பயத்துக்கு டெபாசிட் மருந்து கிடையாது. அவர் வந்த வண்டியை நிறுத்தி சாவியை வாங்கி வைங்க. அந்த வண்டியே திருட்டு வண்டியா இருந்தா? நம்பரை எம்பரிவாகன்ற அரசாங்க வண்டி விவர ஆப்ல போட்டுப் பாருங்க. பேரை முழுசா காட்டாது, ஆனா மாடலும் தெரியற எழுத்தும் லைசென்ஸ் பேரோட ஒத்துப் போகணும். பஸ்ல வந்தவர்னா கூட வந்தவர் உங்களோடயே நிக்கட்டும்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு வேணவே வேணாம். துறைமுகத்துக்குப் போற டிரெய்லர் வரிசையில புது வண்டி பழக்கமில்லாதவர் கிளட்ச் விட்டு எடுக்குறதே கஷ்டம், ஓரத்துல மணல் வேற. காலையில 7 மணிக்கு உங்க ஏரியாவுலயே 3 கிலோமீட்டர் போதும். ரெண்டு ஸ்பீடு பிரேக்கர், நாலாவது கியர் போடுற அளவுக்கு ஒரு நேர் ரோடு, ஒரு யூ டர்ன். இதுல தெரியாதது எண்ணூர் போனாலும் தெரியாது.

இன்னொண்ணு, அவர் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வைக்காதீங்க. வெவரம் தெரிஞ்சவர் முதல்ல இன்ஜினைத் தொட்டுப் பாப்பாரு. ஆறின இன்ஜின் ஒரே உதையில எடுத்து புகை இல்லாம ஓடினா உங்க பேச்சை அவர் நம்புவாரு.

பதில் (பெரம்பூர்)

வாங்க வர்றவர் பக்கமும் கொஞ்சம் பாருங்க. சண்டை வர்றது பெரும்பாலும் டெபாசிட்டையும் டோக்கன் அட்வான்ஸையும் (வண்டியை வாங்குறேன்னு குடுக்குற முன்பணம்) குழப்புறதாலதான். ஓட்டிப் பாத்துட்டு வேணாம்னு சொன்னா 'அட்வான்ஸ் திரும்ப வராது'ன்னு நிப்பாங்க. பணம் கை மாறுறதுக்கு முன்னாடியே வாட்ஸ்அப்ல இப்படி ஒண்ணு அனுப்பி, அவர் 'சரி'ன்னு பதில் போட்டதும் சாவி குடுங்க:

"டிஎன் 03 … வண்டியை இன்று காலை 7.00 முதல் 7.20 வரை ஓட்டிப் பார்க்க மட்டும் தருகிறேன். டெபாசிட் ரூ.8,000. இது அட்வான்ஸ் அல்ல. வாங்கினாலும் வாங்காவிட்டாலும், வண்டி போன நிலையில் வந்தால் முழுத் தொகையும் அங்கேயே திரும்பத் தரப்படும். சேதமானால் பில் போட்ட தொகை மட்டும் கழிக்கப்படும்."

நாலு பக்கம், மீட்டர், டேங்க் ரெண்டு பக்கம், லீவர் நுனி எல்லாத்தையும் அவரை வச்சுக்கிட்டே வீடியோ எடுங்க. பழைய கீறலை நீங்களே விரல் வச்சுக் காட்டுங்க. யுபிஐ-னா அவர் காட்டுற ஸ்கிரீன்ஷாட்டை விட்டுட்டு உங்க பேங்க் பேலன்ஸைப் பாருங்க. பணம் வாங்க நீங்க பின் நம்பர் போட வேண்டியதே இல்லை. கேட்டா அங்கேயே நிறுத்துங்க.

ஆர்சி, பாலிசி ரெண்டுக்கும் ஜெராக்ஸ் குடுத்து அனுப்புங்க. ஒரிஜினலும் ரெண்டாவது சாவியும் வீட்டுலயே இருக்கட்டும். ஹெல்மெட் இல்லாம அனுப்பாதீங்க.

கேள்வி கேட்டவர்

ரொம்ப நன்றி. பாலிசியை இப்பதான் எடுத்துப் பாத்தேன், ஓன் டேமேஜ் 2023 ஜூன்லயே முடிஞ்சிருக்கு. ஞாயித்துக்கிழமைக்குள்ள திரும்பப் போட்டுடலாமா? இல்லேன்னா நானே பின்னாடி உக்காந்து போகட்டுமா?

பதில் (திருவொற்றியூர், இன்சூரன்ஸ் வேலை)

போடலாம் சார், ஆனா விட்டுப்போன பாலிசின்றதால வண்டியை இன்ஸ்பெக்‌ஷன் பண்ணித்தான் தருவாங்க. முடிஞ்சு 90 நாள் தாண்டினதால நோ கிளெய்ம் போனஸும் (கிளெய்ம் பண்ணாததுக்குக் கிடைக்கிற பிரீமியம் தள்ளுபடி) போயிடுச்சு, முழு பிரீமியம் கட்டணும். விக்கப் போற வண்டிக்கு இந்தச் செலவு வேணாம். அதுக்குப் பதிலா டெபாசிட்டை 10 ஆயிரமா வைங்க, ஏன்னும் அவர்கிட்ட சொல்லிடுங்க. காரணம் தெரிஞ்சா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

பின்னாடி உக்காராதீங்க. இப்ப உங்களுக்கு இருக்கிறது தேர்டு பார்ட்டி மட்டும், பின் சீட்டுல இருக்கவருக்கு அதுல காப்பு கிடையாது. ரெண்டு பேர் எடையில பிக்கப்பும் பிரேக்கும் அவருக்குச் சரியா தெரியாது.

பிடிச்சுப்போய் பணம் செட்டில் ஆகாம 'ரெண்டு நாள் வச்சு ஓட்டிட்டுத் தரேன்'னு கேட்டா ஒத்துக்காதீங்க. விலை முடிஞ்சதும் ஃபார்ம் 29, 30-ல கையெழுத்து போட்டு 14 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்குத் தெரிவிச்சு பேர் மாத்த வைங்க. ஆர்சியில யார் பேர் இருக்கோ அவர்தான் உரிமையாளர்னு உச்ச நீதிமன்றம் 2018-ல தெளிவா சொல்லிடுச்சு. வண்டியை வித்து கை மாறியிருந்தாலும், பேர் மாத்தாத வரைக்கும் விபத்து வழக்கு உங்க வீட்டுக்குத்தான் வரும்.