மார்கெட் 4-ஆவதா, 5-ஆவதா? பிக் ஈஸ்ட் போட்டிக்கு எந்த செஷன் டிக்கெட் எடுப்பது? உதவி தேவை

மில்வாக்கி மாணவி | மார்ச் 9, 2025, ஞாயிறு காலை

வணக்கம். நான் மில்வாக்கியில் மார்கெட் பல்கலையில் முதுகலை படிக்கிறேன். இந்தப் புதன் (12) முதல் சனி (15) வரை நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பிக் ஈஸ்ட் என்ற பல்கலைக்கழக லீக்கின் ஆண்கள் கூடைப்பந்துப் போட்டி நடக்கிறது. நியூ ஜெர்சி எடிசனில் அண்ணன் வீட்டில் தங்கி, அவனையும் கூட்டிக்கொண்டு எங்கள் அணியைப் பார்க்கப் போகலாம் என்று திட்டம். இரண்டு விஷயங்களில் சிக்கி நிற்கிறேன்.

சீசன் தொடங்கியதிலிருந்து எக்செல்லில் ஒரு அட்டவணை வைத்திருக்கிறேன். நேற்றோடு லீக் ஆட்டங்கள் முடிந்தன. எங்களுக்கு 13 வெற்றி, 7 தோல்வி. சேவியருக்கும் அதே 13, 7. எங்களுக்குள் ஆடிய இரண்டு ஆட்டங்களில் ஆளுக்கொன்று. சமமாக வந்தால் சீசன் மொத்தக் கணக்கைப் பார்க்கும்படி ஃபார்முலா போட்டிருக்கிறேன். அதன்படி நாங்கள் 22-9, அவர்கள் 21-10. அதனால் என் அட்டவணையில் மார்கெட் 4, சேவியர் 5. ஆனால் லீக் வெளியிட்ட பட்டியலில் சேவியர் 4, நாங்கள் 5! எங்கே இடிக்கிறது என்று பிடிபடவில்லை. பட்லருக்கும் பிராவிடன்ஸுக்கும் (இருவருமே 6-14) இதே சந்தேகம் இருக்கிறது.

அடுத்தது டிக்கெட். நாள் கணக்கில் இல்லாமல் 'செஷன்' கணக்கில் விற்கிறார்கள். அண்ணனுக்கு வியாழன் அலுவலகம், மாலைக்கு மேல்தான் வர முடியும். நாங்கள் 4-ஆவது இடத்தில் இருந்திருந்தால் மாலை ஆட்டம் கிடைத்திருக்குமா? எந்த செஷன் எடுத்தால் மார்கெட்டைப் பார்க்கலாம்?

நேற்று செயின்ட் ஜான்ஸிடம் கூடுதல் நேரத்தில் 86-84 என்று தோற்றதை நேரில் பார்த்தேன். மணி அடிக்கும் நொடியில் அவர்களுடைய வீரர் எஜியோஃபோர் கையிலிருந்து போன பந்து உள்ளே விழுந்தது. அரங்கமே உறைந்துபோனது. இன்னும் மனம் ஆறவில்லை.

எடிசன்வாசி | மார்ச் 9

முதலில் எக்செல். லீக் இட வரிசைக்கு லீக்குக்குள் ஆடிய ஆட்டங்கள் மட்டுமே கணக்கு. நவம்பரிலும் டிசம்பரிலும் வெளி அணிகளோடு ஆடியவை இதில் வரவே வராது. ஆகவே 22-9, 21-10 என்ற பத்தியை அந்த ஃபார்முலாவிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பிக் ஈஸ்டில் 11 அணிகள். ஒவ்வொன்றும் மற்ற பத்தோடும் உள்ளூரில் ஒன்று, வெளியூரில் ஒன்று ஆடுகிறது. மொத்தம் 20. எல்லாருக்கும் ஒரே அளவு பாரம் என்பதால் இந்த லீக்கின் அட்டவணையை நம்பலாம். 18 அணிகள் இருக்கும் லீக்குகளில் இந்தச் சமநிலை கிடையாது. ஒருவருக்கு எளிய அட்டவணையும் இன்னொருவருக்குக் கடினமானதும் அமைந்துவிடும். ஆனால் இரண்டு முறை ஆடுவதால் ஒரு விளைவு உண்டு. நேருக்கு நேர் கணக்கு அடிக்கடி 1-1 என்று நின்றுவிடும். அப்போது அடுத்த விதிக்குப் போக வேண்டும்: பட்டியலின் உச்சியில் இருக்கும் அணியோடு இருவரும் எப்படி ஆடினார்கள் என்று பார்ப்பது. அங்கேயும் சமம் என்றால் அடுத்த அணி. வித்தியாசம் வரும்வரை இப்படியே கீழே இறங்க வேண்டும்.

இப்போது உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

செயின்ட் ஜான்ஸ் (18-2) முதலிடம். அவர்கள் தோற்ற இரண்டும் கிரேட்டனிடமும் வில்லனோவாவிடமும். ஆக மார்கெட் 0-2, சேவியரும் 0-2. சமம்.

கிரேட்டன் (15-5) இரண்டாமிடம். ஜனவரி தொடக்கத்தில் மில்வாக்கியில் நீங்கள் ஜெயித்தீர்கள், பிப்ரவரியில் அவர்கள் ஊரான ஒமாஹாவில் தோற்றீர்கள். சேவியர் அங்கே தோற்று, போன வாரம் தன் ஊரான சின்சினாட்டியில் 83-61 என்று ஜெயித்தது. இருவருக்கும் 1-1.

யூகான், அதாவது கனெக்டிகட் பல்கலை (14-6), மூன்றாமிடம். உங்களை இரண்டு முறையும் யூகான் வென்றது. சேவியரோ ஜனவரி 25 அன்று கூடுதல் நேரத்தில் யூகானை 76-72 என்று வீழ்த்தியது. மார்கெட் 0-2, சேவியர் 1-1. முடிவு இங்கேதான் வருகிறது. சேவியருக்கு 4-ஆவது இடம் வாங்கிக் கொடுத்தது அந்த ஒரு ஜனவரி இரவு.

எக்செல்லில் இதைச் செய்ய எளிய வழி உண்டு. 11 வரிசை, 11 பத்தி கொண்ட ஒரு கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த அணி எதிரணியை எத்தனை முறை வென்றது என்று 0, 1 அல்லது 2. பத்திகளை இட வரிசைப்படி அடுக்குங்கள். சமமாக நிற்கும் அணிகளுக்கு அந்த இலக்கங்களை இடமிருந்து வலமாக ஒட்டிவிடுங்கள். சேவியருக்கு 011 என்று தொடங்கும், மார்கெட்டுக்கு 010. எந்த எண் பெரிது என்று பார்த்தால் போதும். நேருக்கு நேர் கணக்கை மட்டும் இதற்கு முன்பே தனியாகச் சோதிக்க வேண்டும். மூன்று அணிகள் சமமாக வந்தால், முதலில் அந்த மூவரும் தங்களுக்குள் ஆடியதை மட்டும் வைத்து ஒரு குட்டி அட்டவணை போட வேண்டும்.

ஒரு சரிபார்ப்பும் சொல்கிறேன். 11 அணிகளின் லீக் வெற்றிகளைக் கூட்டினால் 110 வர வேண்டும். வரவில்லையென்றால் எங்கோ ஒரு ஆட்டத்தைத் தவறாக ஏற்றியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

மில்வாக்கி மாணவி | மார்ச் 9

மிக்க நன்றி! கூட்டிப் பார்த்தேன், 110 வருகிறது. கட்டமும் போட்டுவிட்டேன். ஒன்று கேட்கட்டுமா? நேற்று அந்தப் பந்து விழாமல் நாங்கள் ஜெயித்திருந்தால்?

எடிசன்வாசி | மார்ச் 9

14-6 ஆகி யூகானோடு சமமாக நின்றிருப்பீர்கள். அவர்கள் உங்களை இரண்டு முறை வென்றதால் 3-ஆவது இடம் அவர்களுக்கே. உங்களுக்கு 4, சேவியருக்கு 5. அவ்வளவுதான்.

குயின்ஸ்காரன் | மார்ச் 9

தங்கச்சி, டிக்கெட் விஷயத்தை நான் சொல்கிறேன். வருடா வருடம் கார்டனுக்குப் போகிறவன்.

4-ஆவதா 5-ஆவதா என்று நீங்கள் கவலைப்படவே வேண்டாம். காலிறுதியில் 4-ஆவது அணி 5-ஆவது அணியோடுதான் மோதும். எப்படிப் பார்த்தாலும் உங்களுக்கு சேவியர்தான், அதே வியாழன், அதே மதியம் 2.30. மாறுவது சட்டை நிறம் மட்டும். மேல் இடத்தில் இருக்கும் சேவியர் வெள்ளை போடும், மார்கெட் அடர் நிறத்தில் வரும். பட்லரும் பிராவிடன்ஸும் அப்படித்தான்: 8-க்கும் 9-க்கும் புதன் மாலை 4 மணி ஆட்டம்.

இந்த அமைப்பில் உயிர்நாடியான கோடு 5-க்கும் 6-க்கும் நடுவில் இருக்கிறது. முதல் ஐந்து அணிகளும் புதனன்று ஓய்வெடுக்கும். 6 முதல் 11 வரை உள்ளவர்கள் புதனன்றே ஆடி ஜெயித்தால்தான் வியாழனைப் பார்க்க முடியும். வில்லனோவா 11-9 எடுத்தும் ஆறாமிடம் என்பதால் புதன் இரவு 9 மணிக்கு சீட்டன் ஹாலோடு ஆட வேண்டும். கோப்பை வேண்டுமென்றால் நான்கு நாளில் நான்கு ஆட்டம். கால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

செஷன் 1: புதன், மூன்று ஆட்டம்.
செஷன் 2: வியாழன் மதியம், இரண்டு ஆட்டம். 12 மணிக்கு செயின்ட் ஜான்ஸ், 2.30-க்கு நீங்கள்.
செஷன் 3: வியாழன் இரவு. 7 மணிக்கு கிரேட்டன், 9.30-க்கு யூகான்.
செஷன் 4: வெள்ளி மாலை அரையிறுதி இரண்டும்.
செஷன் 5: சனி மாலை இறுதி.

மதிய டிக்கெட்டை வைத்துக்கொண்டு இரவு ஆட்டத்துக்கு உட்கார்ந்துவிட முடியாது. மதியம் முடிந்ததும் அரங்கைக் காலி செய்துவிடுவார்கள். உங்களுக்கு வேண்டியது செஷன் 2 மட்டும். இரவு டிக்கெட் எடுத்தால் மார்கெட்டைப் பார்க்கவே முடியாது. அண்ணனிடம் சொல்லி அரைநாள் லீவு போடச் சொல்லுங்கள். எடிசனில் ரயில் ஏறினால் பென் ஸ்டேஷனில் இறங்கலாம். கார்டன் அதன் தலைக்கு மேலேயே இருக்கிறது. தெருவில் நடக்கக்கூட வேண்டாம். பெரிய பை கொண்டு வராதீர்கள், வாசலில் நிறுத்திவிடுவார்கள்.

2.30 என்பது உத்தேசம்தான். 12 மணி ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனால் உங்களுடையதும் தள்ளிப்போகும். ஆனாலும் 12 மணிக்கே வந்துவிடுங்கள். எங்கள் செயின்ட் ஜான்ஸ் ஆடும்போது அந்த அரங்கில் உட்கார்ந்திருப்பது என்னவென்று ஒரு முறையாவது பார்க்க வேண்டும். 1985-க்குப் பிறகு இந்த ஆண்டுதான் யாரோடும் பங்கு போடாமல் லீக்கில் முதலிடம் பிடித்திருக்கிறோம். இந்தப் போட்டியில் கடைசியாகக் கோப்பை எடுத்தது 2000-இல். ஒரு தலைமுறையே வெறுங்கையோடு காத்திருக்கிறது. பயிற்சியாளர் பிட்டினோ வந்து இரண்டாவது வருடத்திலேயே ஊரையே மாற்றிவிட்டார். சுரங்க ரயிலில் எங்கள் அணியின் சிவப்புச் சட்டை போட்டவர்களை இப்போது தினமும் பார்க்கிறேன்.

மில்வாக்கி மாணவி | மார்ச் 9

ரொம்ப நன்றி அண்ணா. செஷன் 2 எடுத்துவிட்டேன், இரண்டு இருக்கை. அண்ணனும் லீவு கேட்கிறேன் என்று சொல்லிவிட்டான். அப்படியே வெள்ளிக்கும் இப்போதே எடுத்துவிடலாமா? ஊரில் அப்பாவும் பார்க்க ஆசைப்படுகிறார், அங்கே எத்தனை மணி ஆகும்?

குயின்ஸ்காரன் | மார்ச் 9

இன்று அதிகாலைதான் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். ஆகவே நேற்றுவரை இருந்த பத்தரை மணி வித்தியாசம் இப்போது ஒன்பதரை. 2.30 ஆட்டம் இந்தியாவில் சரியாக நள்ளிரவு 12.

வெள்ளி டிக்கெட்டுக்குப் பொறுங்கள் என்பதே என் கருத்து. வழக்கமாக வியாழன் தோற்ற அணிகளின் ஆட்கள் அன்று இரவே டிக்கெட்டை விற்றுவிட்டு ஊருக்குக் கிளம்புவார்கள், விலை இறங்கும். ஆனால் இந்த முறை செயின்ட் ஜான்ஸ் உள்ளே இருந்தால் பெரிதாக இறங்காது. மார்கெட் ஜெயித்தால் வெள்ளியன்று எதிரே வரப்போவதும் பெரும்பாலும் நாங்கள்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் வரிசையை மாற்றி அடுக்கும் வழக்கம் இங்கே இல்லை. முதல் ஆட்டத்தில் ஜெயித்தவர் இரண்டாவது ஆட்டத்தில் ஜெயித்தவரோடு மோதியே ஆக வேண்டும்.

ஒஹாயோ செந்தில் | மார்ச் 10

சேவியர் தரப்பிலிருந்து ஒரு குரல். சின்சினாட்டியில் வேலை பார்க்கிறேன், படித்ததும் சேவியரில்தான். தங்கைக்கு இது பெருமைக்கான ஆட்டம். உங்கள் அணி தோற்றாலும் அடுத்து வரும் தேசிய அளவிலான என்.சி.ஏ.ஏ. போட்டிக்குப் போய்விடும். எங்களுக்கு அந்த நிம்மதி இல்லை. 21-10 இருந்தும் விளிம்பில் தொங்குகிறோம். இந்தப் போட்டியில் கோப்பை எடுத்தவருக்கு நேரடி இடம். மற்றவர்கள் ஞாயிறு மாலை தேர்வுக்குழு பெயர் வாசிக்கும்வரை காத்திருக்க வேண்டும். 68 இடங்களில் 31 இப்படி லீக் சாம்பியன்களுக்குப் போய்விடும். மீதி 37-க்குத்தான் மொத்த நாடும் அடித்துக்கொள்கிறது.

வியாழன் தோற்றால் ஞாயிறுவரை எனக்குத் தூக்கம் வராது. குயின்ஸ் நண்பரிடம் ஒன்று கேட்க வேண்டும்: கீழிடத்தில் இருந்து வந்து கோப்பை எடுத்தவர்கள் உண்டா?

குயின்ஸ்காரன் | மார்ச் 10

ஏன் இல்லை! 2021-இல் ஜார்ஜ்டவுன் எட்டாவது இடத்தில் வந்தது. சீசன் கணக்கு 9-12. நான்கு நாளில் நான்கு வெற்றி, அதில் வில்லனோவாவை 72-71 என்று ஒற்றைப் புள்ளியில். இறுதியில் கிரேட்டனை 73-48 என்று நசுக்கினார்கள். பயிற்சியாளர் பாட்ரிக் யூயிங், இதே கார்டனில் நியூயார்க்கின் தொழில்முறை அணியான நிக்ஸுக்காக ஆடியவர்.

அதைவிடப் பெரியது 2011. அப்போது லீக்கில் 16 அணிகள். யூகான் ஒன்பதாவது. செவ்வாய் முதல் சனி வரை ஐந்து நாளில் ஐந்து ஆட்டம், ஐந்தும் வெற்றி. அவர்களுடைய வீரர் கெம்பா வாக்கர் அந்த ஐந்து நாளில் 130 புள்ளி எடுத்தார். பிட்ஸ்பர்க் ஆட்டத்தின் கடைசி நொடியில் எதிரே நின்ற உயரமான ஆளை ஏமாற்றிப் பின்னால் ஒரு அடி எடுத்து வைத்தார். அவர் தடுமாறி விழுந்தார், வாக்கர் நிதானமாகப் பந்தைப் போட்டார். அப்புறம் தேசிய சாம்பியன் பட்டமும் அவர்களுக்கே.

2009-இல் சிரக்யூஸும் யூகானும் ஆறு கூடுதல் நேரம் ஆடியதும் இங்கேதான். 127-117. முடியும்போது அதிகாலை 1.22. இதற்கெல்லாம் காரணம் இடம் என்றே நான் சொல்வேன். 1980-இல் பிராவிடன்ஸில் தொடங்கி, சிரக்யூஸ், ஹார்ட்ஃபர்ட் என்று அலைந்து, 1983-இல் கார்டனுக்கு வந்தார்கள். அன்றிலிருந்து வேறெங்கும் போகவில்லை. ஊர் ஊராகச் சுற்றும் போட்டிகளுக்கு இந்த நினைவுகள் சேராது.

மில்வாக்கி மாணவி | மார்ச் 13, வியாழன் இரவு

நேரில் பார்த்தோம்! மார்கெட் 89, சேவியர் 87. செந்தில் அண்ணா, மன்னியுங்கள். உங்கள் அணி கடைசிவரை விடவில்லை. டிசம்பரில் 72-70, ஜனவரியில் 59-57, இன்று 89-87. மூன்று ஆட்டம், மூன்றிலும் இரண்டே புள்ளி. கடைசி நிமிடத்தில் எங்கள் வரிசையில் ஒருவர்கூட உட்காரவில்லை. கூடைப்பந்து என்றால் என்னவென்றே தெரியாத என் அண்ணன் நாற்காலி மேல் ஏறி நின்றான்.

12 மணிக்கே போனதும் நல்லதாயிற்று. செயின்ட் ஜான்ஸ் பட்லரை 78-57 என்று முடித்தார்கள். நாளை எங்களுக்கும் அவர்களுக்கும். டிக்கெட் விலையைப் பார்த்தேன், நீங்கள் சொன்னது போலவே இறங்கவில்லை. வீட்டில் டிவியில்தான்.

குயின்ஸ்காரன் | மார்ச் 15, சனி இரவு

25 ஆண்டுகள். செயின்ட் ஜான்ஸ் 82, கிரேட்டன் 66. தொண்டை போய்விட்டது, வேறொன்றும் எழுத முடியவில்லை. தங்கச்சி, நேற்று உங்கள் அணி 79-63 என்று தோற்றாலும் முதல் பாதியில் எங்களுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

மில்வாக்கி மாணவி | மார்ச் 16, ஞாயிறு இரவு

வாழ்த்துகள் அண்ணா. என்.சி.ஏ.ஏ. போட்டியில் எங்களுக்கு ஏழாவது தரவரிசை, வெள்ளியன்று கிளீவ்லாந்தில் நியூ மெக்சிகோவோடு ஆட்டம். செந்தில் அண்ணா, உங்கள் பெயரும் வாசித்தார்களே!

ஒஹாயோ செந்தில் | மார்ச் 16, ஞாயிறு இரவு

வாசித்தார்கள்! பிரதானச் சுற்றுக்கு முன் கடைசி இடங்களுக்காக நடக்கும் 'முதல் நால்வர்' சுற்றில் டெக்சஸோடு, புதன் இரவு டேட்டனில். இங்கிருந்து காரில் ஒரு மணி நேரம்தான். நான்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், மூன்று பேர் உறுதி. சின்சினாட்டிப் பக்கம் யாராவது வர விரும்பினால் தனிச்செய்தி அனுப்புங்கள், மாலை 5 மணிக்குக் கிளம்புகிறோம்.