எண்ணில் புள்ளிக்குப் பின்னால் கடைசியில் வரும் பூஜ்ஜியம் காணாமல் போய் மாட்டிக்கொண்ட அனுபவம் யாருக்காவது உண்டா?

பாலக்கோடு
எங்கள் ஊரில் பால் ஊற்றும் இடத்துக்குச் சீட்டு அடிக்கும் புரோகிராமை நான்தான் ஜாவாஸ்கிரிப்டில் எழுதிக் கொடுத்தேன். முதல் நாள் காலை ஒரு அம்மா சீட்டை வாங்கிக்கொண்டு நகரவே இல்லை. மெஷினில் கொழுப்பு 4.0, சீட்டில் வெறும் 4. "தம்பி, புள்ளிக்கு அப்புறம் இருந்தது எங்க போச்சு?" என்றார். இரண்டும் ஒன்றுதான் என்றேன். அவர் கேட்கவில்லை. மை சரியாகப் பிடிக்கவில்லையோ என்று அந்த 4-க்குப் பக்கத்தில் விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். வரிசையில் இருந்தவர்களும் அவரவர் சீட்டைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். விலையே அந்தப் பாயிண்டில்தான் இருக்கிறது, கேட்காமல் என்ன செய்வார்கள்? மதியமே, புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் கட்டாயம் காட்டு என்று சொல்லும் டூஃபிக்ஸ்டு(1) போட்டுச் சரிசெய்தேன். ஆனால் அந்த விரல் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஓசூர் ஷிஃப்ட்
லேத் வேலை எடுக்கும் ஒரு யூனிட்டில் இருந்தேன். டிஜிட்டல் வெர்னியரில் 12.50 என்று அளந்தோம். அளவுகள் வெறும் எழுத்தாக இருந்த சிஎஸ்வி ஃபைலை எக்செல்லில் திறந்து சேமித்ததில் 12.5 ஆகிவிட்டது. நூறில் ஒரு பங்கு வரை அளந்தீர்களா, பத்தில் ஒன்றோடு விட்டுவிட்டீர்களா என்று கேட்டு வாடிக்கையாளர் லாட்டையே நிறுத்திவிட்டார். 40 பீஸையும் ராத்திரி ஷிஃப்டில் மறுபடி அளந்தோம். பாலக்கோடு, இரண்டும் ஒன்றுதான் என்று அந்த அம்மாவிடம் நீங்கள் சொன்னதே தப்பு.

மாங்கூழ்
எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் டிரம் லேபிளில் பிரிக்ஸ், அதாவது இனிப்பின் அளவு, 16.0 என்பது 16 என்று விழுந்து, மொத்த லேபிளும் வீணானது. அது போகட்டும். எல்லோரும் ஒன்று செய்யுங்கள். புரோகிராமில் புள்ளி எண்களை வழக்கமாக வைக்கும் ஃப்ளோட் வகையில் 4.5-க்கும் 4.50-க்கும் வித்தியாசமே கிடையாது, உள்ளே இருப்பது மதிப்பு மட்டும்தான். பைத்தானில் டெசிமல், ஜாவாவில் பிக்டெசிமல் என்ற எண் வகைகளுக்கு "4.50" என்று மேற்கோளுக்குள் எழுத்தாகக் கொடுத்தால் பூஜ்ஜியம் அப்படியே நிற்கும். 1.30-ஐயும் 1.20-ஐயும் இப்படிக் கூட்டினால் 2.50 என்றே வரும். மேற்கோள் இல்லாமல் எண்ணாகக் கொடுத்தால் 4.5 ஆகிவிடும், ஜாக்கிரதை. டேட்டாபேஸிலும் ஃப்ளோட் வேண்டாம், டெசிமல்(5,2) வையுங்கள், மொத்தம் ஐந்து இலக்கம், அதில் புள்ளிக்குப் பின் இரண்டு. எக்செல்லில் இறக்கும்போது அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறியுங்கள். டூஃபிக்ஸ்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். 1.005-ஐ இரண்டு இலக்கத்துக்குக் கேட்டால் 1.01 வராது, 1.00 தான் வரும். எல்லாவற்றுக்கும் இரண்டு இலக்கம் என்று வைத்துவிட்டால் தொல்லையே இல்லை.

அரூர்
கடைசி வரியை ஏற்க முடியாது. மெஷின் 4.0 என்று காட்டியதை 4.00 என்று அடித்தால், அளக்காத ஒரு இலக்கத்தை நாமே சேர்க்கிறோம். பூஜ்ஜியத்தை விழுங்குவது எவ்வளவு தப்போ, சேர்ப்பதும் அவ்வளவு தப்பு. பாலக்கோடு, உங்கள் மெஷின் எதை அனுப்புகிறது என்று பார்த்தீர்களா?

பாலக்கோடு
இப்போதுதான் பார்த்தேன். கேபிள் வழியாக "4.0" என்று எழுத்தாகத்தான் வருகிறது. நான்தான் தேவையில்லாமல் எண்ணாக மாற்றி, திரும்ப எழுத்தாக்கியிருக்கிறேன். கணக்குக்கு மட்டும் எண், சீட்டுக்கு வந்தது வந்தபடியே. சாயங்காலப் பால் வருவதற்குள் மாற்றிவிடுகிறேன்.