புதிய மனித உரிமையை உலகம் ஏற்றுக்கொள்வது எப்படி?

திசைமானி:
2022 ஜூலை 28 அன்று, தூய்மையான, ஆரோக்கியமான சூழலில் வாழ்வது மனித உரிமை என்று ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் நிறைவேற்றியது. 161 நாடுகள் ஆதரித்தன, 8 நாடுகள் நடுநிலை வகித்தன, எதிர்த்து ஒரு வாக்குகூட விழவில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது. பொதுச்சபைத் தீர்மானம் எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. இழப்பு எதுவும் இல்லை என்றால் எல்லோரும் கை தூக்குவார்கள். பட்டியலை இப்படி நீட்டிக்கொண்டே போனால், சித்திரவதைக்கு ஆளாகாமல் இருக்கும் உரிமை போன்ற அடிப்படை உரிமைகளும் வலுவிழக்கும்.

வெண்ணி:
வாக்கெடுப்பு நடந்த நாளை மட்டும் பார்த்துப் பேசுகிறீர்கள். ராணுவ ஆட்சி பிடித்துச் சென்ற தங்கள் பிள்ளைகளைக் கேட்டு, 1977-ல் அர்ஜென்டினாவின் தலைநகர் பியூனஸ் அயர்ஸில் உள்ள மாயோ சதுக்கத்தில் தாய்மார்கள் கூடத் தொடங்கினார்கள். மகன் சிறையில் இருக்கிறான் என்று அரசு ஒப்புக்கொள்ளவில்லை. இறந்துவிட்டான் என்றும் சொல்லவில்லை. சட்டவிரோதக் கைது என்று வழக்குத் தொடுக்கவும் வழியில்லை, கொலை என்று நிரூபிக்கவும் வழியில்லை. அந்தத் தாய்மார்களிலேயே சிலர் கடத்திக் கொல்லப்பட்டார்கள். இப்படி ஆட்களைக் காணாமல் ஆக்குவதை விசாரிக்க 1980-ல் ஐ.நா. ஒரு பணிக்குழுவை அமைத்தது. 1992-ல் பிரகடனம் வந்தது. வலிந்து காணாமல் ஆக்கப்படுவதற்கு எதிரான உடன்படிக்கை 2006-ல்தான் ஏற்கப்பட்டது, 2010-ல்தான் நடைமுறைக்கு வந்தது. இழப்பில்லாமல் வந்த உரிமை என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கார்முகில்:
எந்தத் துயரம் ஐ.நா. மனித உரிமை அமைப்புகள் இருக்கும் ஜெனிவா வரை போய்ச் சேரும் என்பதைத் துயரத்தின் அளவு தீர்மானிப்பதில்லை. பெரிய பன்னாட்டு அமைப்பு ஏதாவது அதைக் கையில் எடுக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள உடன்படிக்கை ஒன்றில் அதற்கு இடம் இருக்கிறது என்றும் காட்ட வேண்டும். 2001-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்த ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாட்டுக்குத் தலித் அமைப்புகள் திரளாகச் சென்று முறையிட்டன. சாதி வேறு, இனம் வேறு என்று இந்திய அரசு வாதிட்டது. இறுதி அறிக்கையில் சாதி இடம்பெறவில்லை. மறு ஆண்டே ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு, இனப்பாகுபாட்டுக்கு எதிரான 1965-ஆம் ஆண்டு உடன்படிக்கை தடைசெய்யும் வம்சாவளிப் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று தனது 29-ஆவது பொதுப் பரிந்துரையில் அறிவித்தது.

திசைமானி:
என் கவலையே இதுதான். மாநாட்டில் அரசுகள் ஏற்காததை 18 நிபுணர்கள் கொண்ட ஒரு குழு உள்ளே கொண்டுவந்துவிட்டது. சாதிக்கொடுமை ஒழிய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் கையெழுத்திட்டபோது நினைக்காத கடமையைப் பின்னால் சேர்த்தால், அடுத்த உடன்படிக்கையில் கையெழுத்திட நாடுகள் தயங்கும்.

கார்முகில்:
'வம்சாவளி' என்பதை அந்த உடன்படிக்கையின் வரைவில் சேர்க்கச் சொன்னதே இந்தியாதான்.

வெண்ணி:
கட்டுப்படுத்தாத ஆவணத்துக்கு மதிப்பில்லை என்பதையும் நான் ஏற்க மாட்டேன். 2007-ல் பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்தை 144 நாடுகள் ஆதரித்தன. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கும் எதிர்த்தன. வெறும் காகிதம் என்றால் அந்த நான்கு நாடுகளும் அஞ்சியிருக்கத் தேவையில்லை. பின்னர் நான்குமே தங்கள் நிலையை மாற்றிக்கொண்டன. உங்கள் 2022 தீர்மானமும் சும்மா கிடக்கவில்லை. காலநிலை மாற்றம் குறித்து சர்வதேச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் 2019-ல் எழுப்பிய கோரிக்கையை, அங்குள்ள தீவு நாடான வனுவாட்டுவின் அரசு ஐ.நா.வுக்கு எடுத்துச் சென்றது. 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம், மற்ற மனித உரிமைகளை அனுபவிக்கத் தூய சூழலுக்கான உரிமை இன்றியமையாதது என்று கருத்துரைத்தது.

திசைமானி:
அதுவும் யாரையும் கட்டுப்படுத்தாத ஆலோசனைக் கருத்துதானே. பழங்குடி மக்கள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அங்கே எதிர்த்து வாக்களித்த நாடுகள் இருந்தன, அவற்றோடு வாதாடி இடம் பிடிக்க வேண்டியிருந்தது. சூழல் உரிமைக்கு அந்தச் சண்டை இன்னும் தொடங்கவே இல்லை. அதை உடன்படிக்கையாக்கி, சூழல் கேட்டுக்கான இழப்பீட்டை யார் கொடுப்பது என்று எழுதும்போது அந்த 161 நாடுகளில் எத்தனை கையெழுத்திடும் என்பதைப் பார்த்த பிறகுதான் நான் நம்புவேன்.