கரிச்சான் வல்லூறு மாதிரிக் கத்தியது, கோழி ஏமாந்தது. இது திருட்டா?

பந்தலூர்க்காரன்:
வீட்டில் அடைக்கோழி ஒன்று ஒன்பது குஞ்சோடு திரிகிறது. போன ஞாயிற்றுக்கிழமை தேயிலைச் சரிவிலிருந்து கரையான் புற்றுக் கட்டி ஒன்றை வெட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் உடைத்துப் போட்டேன், குஞ்சுகள் மொய்த்துக்கொண்டு கொத்தின. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, தலைக்கு மேலே வல்லூறு கத்துகிற சத்தம். தாய்க்கோழி ஒரே ஒரு குரல்தான் கொடுத்தது, ஒன்பதும் காப்பிச் செடி அடியில் போய்ப் பதுங்கிவிட்டன. நான் கல்லை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால் வல்லூறையே காணோம். சில்வர் ஓக் கிளையில் துடுப்புவால் கரிச்சான் உட்கார்ந்திருக்கிறது! சாவகாசமாகக் கீழே இறங்கி ஒரு கரையானை எடுத்துக்கொண்டு போய்விட்டது. தற்செயலா, திட்டம் போட்ட திருட்டா? அம்மா திருட்டுதான் என்கிறார்கள்.

தாண்டிக்குடி காப்பி:
உடனே திருட்டுப் பட்டம் கட்டாதீர்கள் தம்பி. எதிரியைப் பார்த்துப் பதறும்போது இந்தக் கரிச்சான் அந்த எதிரியின் குரலையே சேர்த்துக் கத்துவது உண்டு. நிஜமாகவே வல்லூறு அந்தப் பக்கம் போயிருக்கலாம், உங்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். எங்கள் தோட்டத்தில் காலை வெயில் ஏறியதும் சிலம்பன், மின்சிட்டு, மரங்கொத்தி எல்லாம் ஒரு கூட்டமாக நிழல் மரங்களில் நகர்ந்து வரும், கூடவே கரிச்சானும் இருக்கும். மற்றவை இலையைக் கிளறக் கிளறப் பூச்சி பறக்கும், கரிச்சான் அதைக் காற்றிலேயே பிடிக்கும். இலைக்குள் தலையை விட்டிருப்பவைக்கு மேலே பார்க்க நேரம் ஏது, அதை இது பார்த்துக்கொள்கிறது. காவலுக்குக் கூலி என்று வைத்துக்கொள்ளுங்களேன். இலங்கையின் சிங்கராஜா காட்டில் இதன் நெருங்கிய உறவுக் கரிச்சான் மற்ற பறவைகளின் குரலில் கூப்பிட்டே கூட்டம் சேர்ப்பதாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

ஒற்றைச் சிறகு:
அண்ணா, காவலும் உண்மை, திருட்டும் உண்மை. ஆப்பிரிக்காவின் கலகாரிப் பாலைவனத்தில் இருக்கும் கரிச்சான் பற்றி 2014இல் வந்த ஆய்வைப் பாருங்கள். அங்கே சிலம்பன்களும் கீரி இனத்து மீர்கேட்டுகளும் அதன் எச்சரிக்கையை நம்பி ஓடும், பெரும்பாலும் அது நிஜ எச்சரிக்கைதான். யாராவது கொழுத்த புழுவைத் தோண்டி எடுக்கும் நேரம் பார்த்து மட்டும் பொய்யாக ஒரு குரல், போட்டுவிட்டு ஓடியதை இது எடுத்துக்கொள்ளும். அன்றாடத் தீனியில் 23 சதவீதம் இப்படிக் கிடைப்பது, மிச்சம் சொந்த வேட்டை. அதைவிட எனக்குப் பிடித்தது, ஒரே பொய்யைத் திரும்பத் திரும்பக் கேட்டு மற்றவை அசையாமல் நின்றுவிட்டால் அது வேறு பிராணியின் குரலுக்கு மாறிவிடும். 50 வகைக்கு மேல் கையிருப்பு!

குஞ்சப்பனை வளைவு:
கரிச்சான் குரலைத்தானே கடன் வாங்குகிறது, அக்காக்குயில் உடம்பையே கடன் வாங்கியிருக்கிறது. மாரில் கோடு, வாலில் பட்டை, பறக்கிற விதம் எல்லாம் அசல் வல்லூறு. அது முட்டையிடுவது தவிட்டுக்குருவிக் கூட்டில், இரண்டின் முட்டையும் ஒரே நீலம். போன வருடம் எங்கள் வேலியில் இரண்டு தவிட்டுக்குருவி ஒரு தடியன் குஞ்சுக்கு மாறி மாறிப் புழு ஊட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து எனக்கே கோபம் வந்தது. எல்லோரும் இப்படி ஏமாறுவதில்லை. சாம்பியாவில் ஒரு கதிர்க்குருவி இனத்தில் வெள்ளை, நீலம், சிவப்பு, பச்சை என்று ஒவ்வொரு பெட்டையும் தனக்கென்று ஒரு நிறத்தில், தனிப் புள்ளிக் கோலத்தில் முட்டையிடும், வாழ்நாள் முழுக்க அதே மாதிரிதான். அங்கே குயில் வேலை பார்க்கும் சிட்டு ஒன்று வந்து இட்டுப் போனதில் கோலம் பொருந்தாவிட்டால் கதிர்க்குருவி அதை வெளியே தள்ளிவிடும். கையெழுத்துப் போட்ட முட்டை என்று சொல்லலாம்.

பந்தலூர்க்காரன்:
நன்றி. தாண்டிக்குடி அண்ணா சொன்னதால் இரண்டு நாள் வானத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன், வல்லூறு வரவில்லை, கரிச்சான் மட்டும் வந்தது. மூன்றாம் நாள் குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்துப் புற்றையும் உள்ளேயே போட்டேன். வல்லூறுக் குரல் கொடுத்துப் பார்த்தது, ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பூனை மாதிரிக் கத்தியது. அம்மா விளக்குமாற்றோடு வெளியே ஓடி வந்தார்கள்.