அடிலெய்டு போகிறோம், பர்ரா செம்புச் சுரங்க ஊருக்கு அப்பாவைக் கூட்டிப் போகலாமா?

தக்கலை_செல்வி:

எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்டில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்திரேலியாவில், அடிலெய்டில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறேன். அப்பா கடல் மணலிலிருந்து தாது பிரிக்கும் மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். தம்பி கடற்கரை, பூங்கா என்று பெரிய திட்டம் போட்டு வைத்திருக்கிறான், அப்பாவோ "அங்க சுரங்கம் ஏதாவது உண்டா?" என்று அதிலேயே நிற்கிறார். தேடியதில் பர்ரா என்று ஒரு பழைய செம்புச் சுரங்க ஊர் வந்தது, இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து போனவர்கள் வேலை செய்த இடமாம். ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா? அப்பாவுக்கு முழங்கால் வலி, சமதளத்தில் நடப்பார், படிதான் கஷ்டம். மாட்டிறைச்சி சாப்பிட மாட்டார். போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மார்த்தாண்டம்_ரவி:

செல்வி அக்கா, கண்டிப்பாகக் கூட்டிப் போங்கள். நான் அடிலெய்டில்தான் இருக்கிறேன், இரண்டு முறை போயிருக்கிறேன். 160 கிலோமீட்டர் பக்கம், காரில் இரண்டு மணி நேரம். பஸ்ஸை நம்ப வேண்டாம், தம்பியை ஒரு நாள் லீவு போடச் சொல்லுங்கள். ஊரில் இறங்கியதும் சுற்றுலா அலுவலகத்தில் பணம் கட்டினால் ஒரு சாவியும் வழிகாட்டிப் புத்தகமும் தருவார்கள். பூட்டியிருக்கும் பழைய சிறை, மதுபான ஆலையின் நிலவறை எல்லாவற்றையும் அந்தச் சாவியால் நாமே திறந்து பார்த்துவிட்டுப் பூட்டிவிட்டு வர வேண்டும். சுற்றுப்பாதை மொத்தம் 11 கிலோமீட்டர், இடத்துக்கு இடம் காரிலேயே போகலாம். நிலவறையில் படி உண்டு, அப்பா அதை விட்டுவிடலாம்.

ஆனால் எதை விட்டாலும் ஓடைக்கரைக் குழிவீடுகளை விடாதீர்கள். 1845இல் ஆடு மேய்த்தவர்கள் செம்பைக் கண்டார்கள், சுரங்கம் வந்தது, ஆட்கள் குவிந்தார்கள், இருக்க வீடு இல்லை. ஓடைக்கரையைக் குடைந்து அதற்குள் குடியிருந்தார்கள். 1851 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 1800 பேர் அப்படி இருந்திருக்கிறார்கள், குழந்தை குட்டிகளோடு! அதே வருஷம் ஓடையில் வெள்ளம் வந்து நிறைய வீடுகளை அழித்துவிட்டது. இப்போது மிச்சம் இருப்பது ஒன்றிரண்டுதான். உள்ளே நின்று மண் சுவரில் கையை வைத்தேன், வெளியே வெயில் கொளுத்தியும் சுவர் சில்லென்று இருந்தது. ஒரு குடும்பம் இதற்குள் சமைத்து, படுத்து, பிள்ளை பெற்றிருக்கிறது என்று நினைத்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

அப்புறம் மார்பெட் எஞ்சின் வீடு. சுரங்கத்துக்குள் ஊறும் தண்ணீரை இறைக்கக் கார்ன்வால்காரர்கள் கட்டிய கட்டடம். நம்ம ஊர்க் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் துலா தெரியுமே, தத்துவம் அதேதான். ராட்சத உத்தரம் ஒன்று சுவர்மேல் உட்கார்ந்து ஆடும், ஒரு முனையை நீராவி இழுக்கும், மறுமுனை குழிக்குள் இருக்கும் பம்பை ஆட்டும். முழு பாரத்தையும் தாங்குவதால் அந்த ஒரு சுவரை மட்டும் மற்றவற்றைவிட மொத்தமாக, அதாவது தடிமனாகக் கட்டுவார்கள், வெளியிலிருந்தே அப்பாவுக்குக் காட்டலாம். சாப்பாட்டுக்குப் பயம் வேண்டாம். பேஸ்டி என்று மடித்து ஓரம் முறுக்கிய பலகாரம் அங்கே பிரபலம். வழக்கமாக மாட்டிறைச்சி வைப்பார்கள், காய்கறி வைத்ததும் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள்.

நாகர்கோவில்_பால்ராஜ்:

மக்களே, இன்னொரு நாள் கிடைத்தால் மூன்டாவுக்கும் போங்க. அதுவும் செம்பு ஊர்தான், 1861இல் கண்டுபிடித்து 1923 வரை ஓடியது. அங்கே சுரங்கப் பகுதியைச் சுற்றிக் காட்ட ஒரு சின்ன ரயில் உண்டு, ஓடும் நாளை முதலிலேயே விசாரிச்சுக்கோங்க, முழங்கால் வலிக்கு அதுதான் நல்லது. 1865இல் கட்டிய மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் கோயில் ஒன்று இருக்கிறது, ஆயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். சுரங்கத்தில் வேலை செய்தவர்களே ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் பண்ணியிருக்கிறார்கள். நம்ம லண்டன் மிஷன் சபைகள் மெதடிஸ்டுகளோடும் ஆங்கிலிக்கன்களோடும் 1947இல் சேர்ந்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆன மாதிரி, அங்கே மெதடிஸ்டுகள் மற்ற சபைகளோடு சேர்ந்து 1977இல் யூனைட்டிங் சபை ஆனார்கள். அங்கே உட்கார்ந்து ஜெபம் பண்ணியபோது எனக்கு அந்நிய ஊர் மாதிரியே தெரியவில்லை.

குளச்சல்_பேரன்:

அக்கா, என் அம்மாவின் அப்பா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். அங்கே 1880இலிருந்து சுரங்கத்தை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனி கார்ன்வாலிலிருந்துதான் ஆட்களைக் கொண்டுவந்தது. பூமிக்கடியில் அவர்கள் மேஸ்திரி, நம்ம தமிழ் ஆட்கள் கூலி. பர்ரா ஊருக்குள்ளேயே ரெட்ரூத் என்று ஒரு பகுதி இருக்கிறது, கார்ன்வாலில் இருக்கும் சுரங்க ஊரின் பெயர் அது. கார்ன்வாலில் வேலை குறைந்தபோது குடும்பத்தோடு கப்பல் ஏறி, போன இடத்திலும் ஊர்ப் பெயரைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். பழைய குழியைப் பார்க்க மேட்டில் ஒரு இடம் உண்டு, கீழே தண்ணீர் நீலமும் பச்சையுமாகக் கிடக்கும். ஆகஸ்ட் அங்கே குளிர்காலம், காற்றும் பலமாக அடிக்கும். அப்பாவுக்கு ஸ்வெட்டரும் காது மூடுகிற தொப்பியும் எடுத்துக்கோங்க.

தக்கலை_செல்வி:

ரொம்ப நன்றி எல்லோருக்கும். பர்ராவில் ஒரு ராத்திரி தங்குகிறோம், மூன்டாவுக்குத் தனியாக ஒரு நாள் வைத்தாயிற்று. ரவி எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். துலா என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார், "அந்தச் சுவரு எத்தனை அடி மொத்தம்னு அந்தப் பையன்ட்ட கேளு" என்கிறார். ரவி, தெரிந்தால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் இருக்கும் அளவு நாடாவைப் பெட்டியில் வைத்துவிடுகிறேன்.