கம்பஸ் அனுமதி விதிகள், வன்னிப் பிள்ளைகள்: கண்டதைப் பகிருங்கள்

ஒட்டுசுட்டான் டீச்சர்
இது இன்னும் மனதை அரிக்குது. எங்கட முல்லைத்தீவுப் பிள்ளை, உயர்தரத்தில உயிரியல் படிச்சவ. நல்ல ரியூசன் கிடைக்கும் எண்டு பத்தாம் வகுப்பிலேயே யாழ்ப்பாணத்துப் பாடசாலைக்கு மாத்தி விட்டினம். கம்பஸ் அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி யாழ் மாவட்ட வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே, முல்லைத்தீவுக்கு மேலே. தாய் காணி பெமிட்டையும் விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதத்தையும் மேசையில வைச்சு, "நாங்கள் இந்த ஊர் ஆக்கள்தானே டீச்சர்" எண்டா. வீடு எங்க எண்டு ஆர் பாக்கினம்? உயர்தரப் பரீட்சைக்கு முந்தின கடைசி 3 வருசம் படிச்ச பாடசாலை எந்த மாவட்டமோ, அதுதான் பிள்ளையின்ர மாவட்டம். கம்பஸ் இடங்களில் அகில இலங்கைத் திறமைக்கு 40 வீதம், மாவட்டத்துக்கு 55, பின்தங்கிய மாவட்டத்துக்கு 5. அந்த 5 வீதமும் அவளுக்குப் போச்சு.

கனகராயன்குளம்
டீச்சர், கடைசி வரி பிழை. பின்தங்கிய மாவட்டம் எண்டு வைச்சிருக்கிற 16 இல் யாழ்ப்பாணமும் இருக்கு, வடக்கின் ஐந்தும் இருக்கு. அந்தப் பிள்ளை இழந்தது 55 வீதத்துக்குள்ள முல்லைத்தீவு வரிசையை. அந்தப் பங்கு சனத்தொகைப்படிதான் பிரியும். 2012 கணக்கெடுப்பில் முல்லைத்தீவில் ஏறத்தாழ 92 ஆயிரம் பேர், யாழ்ப்பாணத்தில் 5 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல். முல்லைத்தீவுக்கு வாற இடங்கள் குறைவு, ஆனால் போட்டிக்கு நிற்கிற பிள்ளைகளும் குறைவு. அதால மருத்துவம், பொறியியலுக்கு வெட்டுப்புள்ளி வழமையா அங்க கீழேதான் நிற்கும். தேர்தலுக்கு வவுனியா, மன்னார், முல்லைத்தீவு ஒரே வன்னி. அனுமதிக்கு மூன்றும் தனித்தனி.

ஆனால் எல்லாப் பிள்ளைகளையும் பயப்படுத்தக் கூடாது. கலைப்பிரிவில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு அகில இலங்கை வரிசைதான். அங்க பாடசாலை மாறினதால மாவட்டப் பங்கு போகாது. பயம் கணிதம், விஞ்ஞானம், வர்த்தகம் போன்ற பிரிவுகளுக்குத்தான்.

பம்பைமடுப் பக்கம்
நெளுக்குளத்துக் கொமினிகேஷன் (இன்டர்நெட், போட்டோகொப்பிக் கடை) ஒன்றில் கண்டது. ஒரு பெடியன் ஒன்றுவிட்ட அண்ணாவின் பழைய கம்பஸ் அனுமதிக் கைந்நூலை வைச்சு, விண்ணப்பத்தில் யுனி கோட் (கற்கைநெறிக் குறியீடு) அடிச்சுக்கொண்டிருந்தான். யாழ் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்த வவுனியா, 2021 ஓகஸ்ட் 1 இல் தனிப் பல்கலைக்கழகம் ஆனது. அவன் கையில இருந்த புத்தகம் அதுக்கு முந்தினது. கற்கைநெறியும் பல்கலைக்கழகமும் சேர்ந்துதான் ஒரு கோட். பழசைப் பார்த்து அடிச்சால் நீங்கள் நினைச்ச இடம் பட்டியலிலேயே இராது. தகப்பன் பக்கத்தில நின்று, "சரியா அடிச்சிட்டியா தம்பி?" எண்டு திரும்பத் திரும்பக் கேட்டவர்.

கேட்காமலே சொல்லுறன். அந்தந்த வருசக் கைந்நூலை மட்டும் பாருங்கோ. விருப்ப வரிசையில் உண்மையில் விரும்புறதை மேல போடுங்கோ. மேலிருந்து கீழே பார்த்து, புள்ளி போதுமான முதல் இடத்தில் நிறுத்துவினம், அதுக்குக் கீழ உள்ளது எதையும் பார்க்கமாட்டினம். கிடைச்ச இடம் பிடிக்கேல்லை எண்டு பதியாமல் விடுறதுதான் ஆகப் பெரிய சேதம். வெற்றிடம் நிரப்பும்போது பதிஞ்ச பிள்ளையைத்தான் மேல் விருப்பத்துக்குப் பார்ப்பினம். உளச்சார்புப் பரீட்சை (அந்தத் துறைக்கான தனித் திறமைப் பரீட்சை) உள்ள கற்கைநெறிக்கு அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தனியா விண்ணப்பிக்க வேணும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்திலும் கோட் போட வேணும். இரண்டில் ஒன்றை விட்டாலும் இடம் இல்லை. மூன்று பாடமும் சித்தி, ஆனால் உயர்தரத்தோட எழுதுற பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளி எடுக்கேல்லை எண்டு நிற்கிற பிள்ளைகளும் இருக்கினம். அந்தத் தாளைச் சும்மா நினைக்காதேங்கோ.

மாங்குளம் சந்தி
இடம் கிடைச்ச பிறகு காசு. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொல புலமைப்பரிசில் மாதம் 5,000 ரூபாயில் இருந்து 7,500 ஆனது, பர்சரி (வருமானம் குறைந்த பிள்ளைகளுக்கான உதவித்தொகை) 4,000 இல் இருந்து 6,500. நல்லது. ஆனால் முதல் தவணை கைக்கு வர மாதக்கணக்கில் செல்லும். அதுக்கிடையில் அறை வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் வீட்டுக் காசு. அதை முன்கூட்டியே சேர்த்து வையுங்கோ.

பிரதேச செயலகத்தில் ஒரு அம்மா பர்சரிப் படிவத்தில் தகப்பன் வருமானம் எண்ட இடத்தில் பேனையை வைச்சபடி இருந்தவ. மனுசன் 2009 இல் காணாமற்போனவர். மரணச் சான்றிதழ் எடுக்க அவவுக்கு மனமில்லை, எடுக்கச் சொல்லவும் ஒருத்தருக்கும் உரிமையில்லை. காணாமற்போனதை உறுதிப்படுத்தும் தனிச் சான்றிதழுக்கு 2016 சட்டத் திருத்தம் இடம் தந்திருக்கு. அது இல்லாட்டியும், தாய்தான் குடும்பத் தலைவி, அவவின் வருமானம் இவ்வளவு எண்டு விதானையாரின் அறிக்கையில் தெளிவா எழுதுவியுங்கோ. அந்த இடத்தை வெறுமையா விடாதேங்கோ.

ஒட்டுசுட்டான் டீச்சர்
கனகராயன்குளம், 16 மாவட்ட விசயம் சரி, திருத்தினதுக்கு நன்றி. அப்ப பெற்றோர் கூட்டத்தை ஒன்பதாம் வகுப்பிலேயே வைக்க வேணும். உயர்தரம் தொடங்கினபிறகு சொல்லிப் பிரயோசனம் இல்லை.